எல்லர்ஹோர்ஸ்ட்டின் ஆறு தோள்கள்

அனுப்புநர்:
திருமதி புஸ்பவதி பாலமுருகன்,
இலக்கம் 31, எல்லர்ஹோர்ஸ்ட் கிராமம்,
நீடர்மூர், ஜேர்மனி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
மயானப் பிரிவு,
நீடர்மூர் நகரசபை.

பொருள்: சவப்பெட்டிகளைச் சக்கர வண்டியில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும் என்ற 2006 ஒக்ரோபர் மாத ஒழுங்குவிதியிலிருந்து, இலக்கம் 9இல் வசிக்கும் திருமதி ஹெட்விக் டெபே அவர்களுக்கு விலக்களிக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் மொழி பற்றி ஒரு விளக்கம். இந்நாட்டில் பதினெட்டு வருடங்கள் வாழ்ந்தும் என் ஜேர்மன் மொழி கடைக்கும் வைத்தியருக்கும் மட்டுமே காணும். முறைப்பாடு செய்வதற்கு எனக்குத் தமிழ்தான் வேண்டும். ஹனோவரில் படிக்கும் என் மகள் நிருபமா இதனை மொழிபெயர்த்து இணைப்பாள். "அம்மா, கந்தோருக்கு எழுதிற கடிதத்தில பகிடி விடாதேங்கோ" என்று இப்போதே எச்சரித்திருக்கிறாள். ஆகவே மொழிபெயர்ப்பு மூலத்தைவிடக் குட்டையாக இருக்கக்கூடும். குட்டையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எனது உயரம் ஒன்றரை மீற்றர். இவ்விபரம் மூன்றாம் பந்தியில் தேவைப்படும்.

1. தங்கள் அலுவலகம் நகரத்தில் இருப்பதால் எங்கள் கிராமத்தைப் பற்றிச் சிறிது கூற அனுமதிக்கவும். இங்கு நாற்பத்து மூன்று வீடுகள் உள்ளன. 1312ஆம் ஆண்டின் வரிப்பட்டியலில் ஏழு பண்ணைகளாக இருந்தது என்று பாதிரியார் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவதொரு சாக்கில் நினைவூட்டுவார். வீடுகளுக்கு இலக்கம் இட்டது தெரு வரிசையில் அல்ல, கட்டிய வரிசையில். அதனால் 9ஆம் இலக்கத்துக்கு நேரெதிரே 31 நிற்கிறது. புதிய தபால்காரர்கள் மூன்றாம் மாதம் இடமாற்றம் கேட்பார்கள்.

எங்கள் மக்கள் சொற்களைச் செலவழிப்பதில் மிகவும் சிக்கனமானவர்கள். 1989இல் நாங்கள் குடிவந்தபோது, எதிர்வீட்டு ஹெட்விக் அம்மையார் முதல் வருடம் முழுவதும் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம்: "குப்பை செவ்வாய்க்கிழமை." ஆயினும் இங்கு எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான் யன்னல் துடைக்காத வாரங்கள் ஊரில் கணக்கில் உள்ளன. என் பங்குக்கு, பேக்கரிக்காரரின் மைத்துனி எந்தக் காரில் வந்து இறங்குகிறார் என்பதை நானும் கவனித்தே வருகிறேன். எனினும் அது இம்மனுவுக்குப் புறம்பானது.

2. இவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் நேரெதிர் வீட்டார்தான் "முதல் அயல்". அவர்களே வீடுவீடாகச் சென்று செய்தி சொல்ல வேண்டும். சுற்றியுள்ள ஆறு வீடுகள் வீட்டுக்கு ஒருவராக வந்து பெட்டியைத் தோளில் தூக்கித் தேவாலயத்திலிருந்து மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடமை வீட்டுக்கு உரியது. வீட்டை வாங்குபவர் ஒழுகும் கூரையோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுகிறார். உறுதிப்பத்திரத்தில் இரண்டுமே எழுதப்பட்டிருக்கவில்லை.

3. 1998இல் எங்கள் வீட்டுக்கு முதல் அழைப்பு வந்தது. குளிர்களஞ்சியத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு முதுகெலும்பு பழுது. ஆகவே நான் போனேன். தீயணைப்புக் கொட்டிலில் கூடிய ஆண்கள் பத்து நிமிடம் நிலத்தைப் பார்த்தார்கள். பின்னர் தீயணைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஓஸ்டர்காம்ப் தொண்டையைச் செருமினார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால், "வீடு ஒரு ஆளை அனுப்பவேணும். ஆம்பிளையைத்தான் எண்டு ஆர் சொன்னது?" அவ்வளவுதான்.

தேவாலயம் மேட்டில் இருப்பதால் மயானப் பாதை கீழ்நோக்கிச் சரியும். குட்டையான என்னை மேட்டுப் பக்கமாகப் பின்வரிசையில் விட்டு, தோளில் மடித்த கம்பளிச் சால்வை இரண்டை வைத்தார்கள். பெட்டி மட்டமாக நின்றது. அதன்பின் எட்டு வருடங்களில் ஐந்து பேரைச் சுமந்தேன். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பித் தலைமுழுகினேன். பெப்ரவரியிலும் முழுகினேன். எனக்கு ஏதோ தோல்வியாதி என்று ஊரில் ஒரு கதை இன்றும் உலவுகிறது.

4. இனி, வெட்கத்துக்குரிய பகுதி. 2006 ஜனவரியில் மேற்படி வில்ஹெல்ம் அவர்களே காலமானார். அவர் நூற்றுப் பத்துக் கிலோ. மயான வாசலில் பனிக்கட்டியில் என் கால் வழுக்கியது. பெட்டி விழவில்லை. அதன் மூலை வாசற்தூணில் ஒருமுறை முட்டியது. நான்தான் விழுந்தேன். வில்ஹெல்ம் எந்த வீட்டுக்கும் கதவைத் தட்டாமல் போனதில்லை என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள்.

மணிக்கட்டு வீங்கியதால் மறுநாள் வைத்தியரிடம் போனேன். எப்படி நடந்தது என்று கேட்டார். படிக்கட்டு என்று சொல்லியிருக்கலாம். நானோ பெருமை தாங்காமல், பெட்டி, பனி, தூண், கிலோக்கணக்கு எல்லாவற்றையும் விபரித்தேன். அவர் விபத்துப் படிவம் நிரப்பினார். படிவம் காப்புறுதிக்குப் போனது. காப்புறுதி தங்களுக்கு எழுதியது. ஒக்ரோபரில் ஒழுங்குவிதி வந்தது: இனிச் சக்கர வண்டி, நகரத்திலிருந்து வரும் கூலியாட்கள் நால்வர். நான் முறையிடும் விதிக்குக் காரணம் நானே என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். "உமக்குப் பெட்டியை நேராப் பிடிக்க ஏலாது, இப்ப மனு எழுதப் போறீரோ?" என்று என் கணவர் கேட்டதையும் பதிவு செய்கிறேன்.

5. கடந்த மாதம் தங்கள் வண்டி வந்திறங்கியது. இளைஞர்கள் அதில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி வீதியில் ஓட்டிப்பார்த்தார்கள். நல்ல வண்டி, சிறிது கிறீச்சிடும். அன்று ஹெட்விக் அம்மையார் சாப்பிடவில்லை. அவருக்கு எண்பது வயது. ஈரலில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் சூப் கொண்டுபோன என்னைக் கட்டிலருகே இருக்கச் சொன்னார்.

அவர் இவ்வூரில் பிறந்தவர் அல்லர். 1946இல், பத்தொன்பது வயதில், போரில் ஜேர்மனி இழந்த கிழக்குப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டுத் தாயுடன் அகதியாக வந்தவர். ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலில் இருந்தார்கள். கொட்டிலுக்கு இலக்கம் இல்லை. 1947 பெப்ரவரியில் தாய் இறந்தார். இலக்கம் இல்லாதவர்களுக்கு அயலும் இல்லை என்பதால் தோள் கொடுக்க எவரும் வரவில்லை. பால் கான்கள் ஏற்றும் கைவண்டிலில் தாயைக் கிடத்தி, மகள் தனியே இழுத்துச் சென்றார். சக்கரத்துக்குப் பூச எண்ணெய் இருக்கவில்லை. யன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன; கதவு ஒன்றும் திறக்கவில்லை.

அடுத்த கோடையில்தான் ஊர் கூடி, கொட்டில்களுக்கும் இலக்கம் கொடுத்து, இனிக் கடமை வீட்டுக்கே, உள்ளே யார் இருந்தாலும் சரி என்று முடிவெடுத்தது. என்னைப் பெட்டி தூக்கவிட்டதும் அந்த விதிதான். அதைப் பழைய காலத்துப் பெருந்தன்மை என்று டுசல்டோர்ஃப் உறவினர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இவ்வூரில் எனக்குத் தெரியாத கதை இல்லை என்றும் நினைத்திருந்தேன். விசாரித்தபோது, எழுபது வயது தாண்டிய அனைவருக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அம்மையார் கேட்பது இதுதான். "அம்மாவை வண்டிலில கொண்டுபோனன். என்னைக் கொண்டுபோகாதேங்கோ."

6. ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது: இந்த ஒரு முறைக்காவது ஆறு அயலவரும் தோளில் சுமக்க அனுமதிக்கவும். விபத்து நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையது என்று அறுவரும் ஒப்பமிட்டுள்ளோம். பாதைக்கு மணல் தூவுவோம். நான்தான் தடையெனில் விலகிக்கொள்ளவும் ஆயத்தம். இதை அம்மையாரிடமும் சொன்னேன். "நீ விழுந்தா விழு. எனக்கு அப்ப நோகாது" என்றார். எனினும் தங்கள் முடிவுக்குக் கட்டுப்படுவேன்.

தங்கள் அலுவலகத்தின் பதிலுக்கு ஆறு வாரங்கள் செல்லும் என்று அறிவித்தலில் கண்டேன். வைத்தியர் ஆறு வாரம் சொல்லவில்லை. எதிர்வீட்டு யன்னலில் இன்னும் விளக்கெரியும் நாட்களுக்குள் ஒரு வரி எழுதி அனுப்பும்படி, ஊரார் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எல்லர்ஹோர்ஸ்ட்
திகதி: 19.03.2007

உண்மையுள்ள,
புஸ்பவதி பாலமுருகன் (இலக்கம் 31, முதல் அயல்)

சுமப்போர்: இலக்கம் 31, 8, 12, 27, 40, 5. ஒப்பங்கள் பின்பக்கத்தில்.

சுமக்கப்பட இருப்பவர்: ஹெட்விக் டெபே, இலக்கம் 9. தானும் ஒப்பமிடவேண்டும் என்று பேனையைக் கேட்டு வாங்கினார். படுத்தபடி எழுதியதால் எழுத்துக் கோணல். ஆள் தெளிவாக இருக்கிறார்.