இழுத்துப் பார்க்காத கதவு

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அதன் கதை தனி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டும், ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாமலும் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது தொண்டையிலேயே நிற்கும். "கதவு பூட்டியில்லை, இழுத்தால் வரும்." இவ்வளவுதான். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். எல்லோரும் மாட்டிக்கொண்டோம் என்று விழித்துக்கொண்டிருந்தபோது நானும் சேர்ந்து விழித்தேன். இதை உன் அறைத்தோழிக்குப் படித்துக் காட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்பதால் இப்போதைக்கு அந்தப் பயம் எனக்கில்லை.

அப்பா கைப்பேசியைப் பார்த்து உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்திருக்கிறார். அதில் வரும் பெண் குதிக்கச் சொன்னால் குதிக்கிறார், நான் சொன்னால் குப்பைக்கூடையைக்கூட எடுத்து வைக்க மாட்டார். மூன்றாம் நாளே கீழ்வீட்டு அண்ணன் மேலே வந்து, பீரோவை நகர்த்துவதாக இருந்தால் நானும் ஒரு கை கொடுக்கிறேனே என்று மிக மரியாதையாகக் கேட்டார். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நகர்த்தியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார். முழங்காலின் கதை அவ்வளவுதான்.

நான் வாராவாரம் போகிற வேலையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். உன் விடுதியில் யாரிடமோ "எங்க அம்மா ஜெயில்ல இருக்காங்க" என்று நீ சொல்ல, அதற்குப் பிறகு அவர்கள் உன்னிடம் குடும்பத்தைப் பற்றியே விசாரிப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து அப்பா சிரித்த சிரிப்பில் இன்னொரு முறை கீழ்வீட்டு அண்ணன் வந்திருப்பார். வேலை இதுதான். உள்ளே இருப்பவர்கள் ஆறேழு பேர், அவர்களைக் காவல் காக்கிற வார்டர் ஒருவர், நான், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். அதிகாரமும் புகாரும் இல்லாமல் மனிதரோடு மனிதராகப் பேசினால் சிறையின் சுபாவமே மாறும், வெளியே போகிறவர்கள் திரும்ப உள்ளே வரமாட்டார்கள் என்பது எண்ணம். நான் படித்த புத்தகங்களில் எல்லாம் வட்டமாக உட்கார்ந்தவுடன் மனம் திறந்துவிடுகிறது. அவற்றை எழுதியவர்கள் எங்கள் அறைக்கு வந்ததில்லை. அது பழைய சலவை அறை. சுவரில் துணி மாட்டும் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன, தரை ஓரமாகச் சரிந்திருப்பதால் பிளாஸ்டிக் நாற்காலிகள் பேச்சுக்கு நடுவில் மெதுவாகச் சாக்கடைத் துவாரத்தை நோக்கி நகரும். யார் பேசுகிறாரோ அவர் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும், மற்றவர்கள் குறுக்கிடக்கூடாது என்பது முறை. கூழாங்கல் கொண்டுபோனேன், ஆயுதம் என்றார்கள். மரக்கரண்டி, அதுவும் ஆயுதம். பந்து, மதிலுக்கு வெளியே போய்விடும். கடைசியில் குளிக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சை வாசலில் பிழிந்து பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். முதல் வாரங்களில் அந்த ஸ்பாஞ்சு சூடான பாத்திரம் மாதிரி கைமாறிக்கொண்டே இருந்தது. யாராவது பேசினால் டீ தண்ணீராக இருக்கிறது என்பார்கள். அந்த டீயைப் போடுகிற சமையல்காரரும் உள்ளே இருப்பவர்தான், வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார், உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒருவரோடு ஒருவர் பேசவே பேசாத இரண்டு பேரும் அதே வட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் எங்கள் வார்டர். ஓய்வுபெற இரண்டு மூன்று வருடம் இருக்கும், தொந்தியும் மரியாதையும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். உன் படத்தைக் காட்டியபோது, தங்கச்சியா டீச்சர் என்று கேட்ட நல்ல மனிதர் அவர்தான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இன்னொருவர் தையல்காரர். ஒரு சண்டையில் ஆத்திரத்தில் கத்தரிக்கோலை வீசி ஒருவருக்குப் பெரிய காயம் உண்டாக்கிவிட்டு உள்ளே வந்தவர், அதை அவர் மறைப்பதும் இல்லை. போன வருடம் சிறையின் தையல் கூடத்தில் வார்டருக்குப் புதுக் காற்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். மேலதிகாரி வந்து பார்வையிட்ட நாளில் எல்லோர் முன்னாலும் வார்டர் காலை ஓங்கித் தரையில் அடித்து சல்யூட் வைத்தார், காற்சட்டை பின்னால் மேலிருந்து கீழ்வரை பிரிந்துவிட்டது. அன்றிலிருந்து உள்ளே அவருக்குக் காற்றோட்டம் என்று பெயர். தையல்காரர் தையல் கூடத்திலிருந்து கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு மாற்றப்பட்டார். அது மட்டும் என்றால் பரவாயில்லை. முன்கூட்டியே விடுதலை கேட்டு அவர் போட்ட மனுவுக்கு அவருடைய பகுதி வார்டர் நடத்தை அறிக்கை எழுத வேண்டும். இரண்டு தடவையும் வார்டர் திருப்தியில்லை என்று எழுதிவிட்டார். மூன்றாவது அறிக்கை இந்தத் திங்கட்கிழமை போக வேண்டும், இதையும் தவறவிட்டால் இன்னும் மூன்று வருடம் உள்ளேதான். வெளியே அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், உன்னைவிட கொஞ்சம் சின்னவள்.

இனி கதவு. வட்டத்தில் உட்காருகிற வார்டர் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, வெளியே நிற்கிற காவலரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வெளியிலிருந்து பூட்டுவார், முடிந்ததும் தட்டினால் திறப்பார். பூட்டு சிக்கிக்கொள்கிறது என்று முந்தின நாள் தச்சர் அதைக் கழற்றி எடுத்துப் போனார். மறுநாளைக்காக நாற்காலிகளை அடுக்கி வைக்கப் போயிருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். (பயப்படாதே, அந்தக் கதவுக்கு அப்பால் தாழ்வாரக் கோடியில் பெரிய இரும்புக் கதவு இருக்கிறது, அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும்.) செவ்வாயன்று காவலர் வழக்கம்போல் கதவை இழுத்துச் சாத்தினார். பேச்சும் வழக்கம்போல் டீயில் ஆரம்பித்து டீயிலேயே முடிந்தது. வார்டர் எழுந்து கதவைத் தட்டினார். பதில் இல்லை. வெளியே விசில் சத்தமும் ஓடுகிற சத்தமும் கேட்டன. காய்கறி வண்டியோடு ஒரு ஆடு உள்ளே வந்துவிட்டது, ஒரு ஷிப்டு முழுக்க அதைத் துரத்திக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்த விஷயம். அப்போது எல்லோரும் ஏதோ பெரிய கலவரம், சிறையையே மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே இருப்பவர்களுக்குக் கதவின் பிடியில் கை வைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. வார்டருக்கோ சாவி இல்லாத கதவு கதவே இல்லை. யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வார்டர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் கதவு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றார். அவ்வளவு வாரங்களில் அவர் டீயைப் பற்றி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். எனக்கு வாய் மூடிக்கொண்டது.

சமையல்காரர், பழகிடும் சார், முதல் மூணு வருஷம்தான் கஷ்டம் என்று ஆறுதல் சொன்னார். வார்டர் சிரிக்கவில்லை. ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்து, "அளவு எடுக்கும்போது நான் வயித்த உள்ள இழுத்துக்கிட்டேன்" என்றார். பக்கத்தில் புதிதாக வந்த இளம் வார்டர்கள் நின்றிருந்தார்களாம், தொந்தியைப் பற்றி ஏற்கெனவே கிண்டல் செய்திருந்தார்களாம். தையல்காரர் கையை நீட்டி ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டார். முறை என்றால் முறை. "தெரியும் சார். டேப்பு திடீர்னு தொளதொளன்னு ஆயிடுச்சு. மூச்ச விடுங்க சார்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" சொல்லியிருக்கலாமே என்றார் வார்டர். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர் கேட்க, வார்டர் நேர்மையாக யோசித்துவிட்டு, அன்றைக்கே கக்கூஸ் கழுவ அனுப்பியிருப்பேன் என்றார். சமையல்காரர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார், அவ்வளவு சிரிப்பு.

அத்தோடு விட்டிருந்தால் தையல்காரருக்கு நல்லது. திங்கட்கிழமை அறிக்கை அந்த மனிதரின் பேனாவில் இருந்தது. எனக்கு ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் மடிப்புல ஒரு இஞ்சு துணி விட்டுத் தைப்பேன் சார். உங்களுக்கு விடல. வேணும்னுதான் விடல." சிரித்துக்கொண்டிருந்த எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். காற்சட்டை தைத்த அந்த வாரம் அவர் மகள் இரண்டு பஸ் மாறி அவரைப் பார்க்க வந்திருக்கிறாள். தாமதமாக வந்ததால் அன்று வாசலில் நின்ற இதே வார்டர் நேரம் முடிந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வார்டரின் முகம் சிவந்தது, நாற்காலி துவாரத்தை நோக்கி ஒரு அடி நகர்ந்தது, அவர் கவனிக்கவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு அது ஞாபகமே இல்லையேப்பா" என்றார். அதை அவர் சொன்ன குரலை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளிக் காவலர் முழங்கால்வரை சேறும், இரண்டு கையிலும் டீத் தட்டுமாக வந்து, கதவைக் காலால் தள்ளித் திறந்தார். சாவி இல்லை, பூட்டு இல்லை, பூட்டு இருந்த இடத்தில், கதவின் விளிம்பில் ஒரு ஓட்டை. எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தோம். சமையல்காரர்தான் முதலில் பேசினார்: "அப்ப இவ்ளோ நேரம் நாமளாத்தான் உள்ள இருந்தோமா?" வார்டர் எழுந்து போய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அறையை விட்டுக் கிளம்பும்போது, உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா டீச்சர் என்று கேட்டார். நான் நாற்காலிகளை எண்ணுகிற மாதிரி நின்றேன். அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, நானாவது ஒரு தரம் இழுத்துப் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் அன்று டீயைக் குடிக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று வாராவாரம் அவரிடம் சொன்னவள் நான்தான். அந்த மனிதரின் மூன்று வருடம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டதால் எனக்கும் அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

உன் வாளிச் சண்டைக்கு வருகிறேன். அவள் உன் வாளியைக் கேட்காமல் எடுத்தாள், நீ அவளுடைய சோப்பை ஒளித்து வைத்தாய். மாதக் கணக்கில் ஒரே அறையில் இரண்டு பெண்கள் சுவரோடு பேசிக்கொண்டிருக்க நீங்கள் என்ன குற்றம் செய்துவிட்டு உள்ளே இருக்கிறீர்களா? நீயே முதலில் பேசு. சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசு. தேவைப்பட்டால் என்னிடம் இன்னொரு ஸ்பாஞ்சு இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்தது நடந்து, நீ நிறையச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். பல் டாக்டரைப் பார்த்தாயா? பார்த்தேன் என்று பொய் எழுதாதே, போன தடவை எழுதியது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத வேளையில்லாத
அம்மா

பி.கு: இதை எழுதி முடித்தும் அறிக்கை விஷயம் தெரியட்டும் என்று உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். வார்டர் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார். "நடத்தை திருப்தி. இவர் கேட்டாலும் உண்மையைச் சொல்கிறார், கேட்காவிட்டாலும் சொல்கிறார்." விடுதலைக் குழு மனுவை ஏற்றுக்கொண்டது. நேற்றுக் காலை தையல்காரர் வெளியே போனார், அவர் மகள் வந்து கூட்டிப் போனாள்.