மாதுளையில் வெளிச்சம் காணவில்லை

இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி
9-8-2008

அன்பு மகள் ஒரேலிக்கு உன் சித்தப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் சித்தி ஆனந்தமேரியும் சுகம், என் முட்டிவலி எங்களைவிடச் சுகம். பிரான்சில், அந்தத் துலூஸில், குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு போகவும்.

உன் அப்பா, என் அண்ணன் மார்செல், உன் கல்யாணத்துக்கென்று என்னை நம்பி விட்டுப்போன, பழங்கள் வரைந்த எண்ணெய்ப் படத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நீ சொன்னாயே என்று உன்னோடு படித்து, இப்போது பழைய படங்களைச் சுத்தம் செய்துதரும் தெயோவிடம் தூசி எடுக்கக் கொடுத்தேன். அது வருவதற்குள் கூடத்துக்கு வெள்ளையடித்து, திரு இருதயப் பீடத்தில் இடப்பக்கம் எரிந்த மஞ்சள் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, மேலே உத்தரத்தில் சி.எஃப்.எல். வெள்ளை விளக்கு போட்டேன். தெருவிலேயே முதல் சி.எஃப்.எல். நம்முடையதுதான், கரண்ட் ஆபீஸ்காரர்களே வந்து பார்த்துப் போனார்கள். படம் வந்தது, பீடத்துக்குக் கீழே அதே ஆணியில் மாட்டினேன். மாதுளை செத்துக் கிடக்கிறது மகளே. முன்பெல்லாம் இடப்பக்கத்து வெளிச்சம் பிளந்த மாதுளை முத்துக்களில் விழுந்து, திராட்சையைத் தொட்டு, வெள்ளித்தட்டு விளிம்பில் போய் நிற்கும். விருந்துக்கு வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி திராட்சையைப் பிய்க்கவே கை நீட்டினாள், நான்தான் தடுத்தேன். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பழம். அசலை வைத்துக்கொண்டு நகலைக் கொடுத்துவிட்டான். கேட்டால், மாமா நான் தூசிதான் தட்டனேன், பழத்த ஒண்ணும் துண்ணலன்னு சிரிக்கிறான். திருடாதவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு நோணாங்குப்பத்தில் படகு சவாரி போகிறானாம். என்னிடமா ஏமாற்று வேலை? மூன்றாம் வகுப்பில் நான் வரைந்த மாம்பழத்தில் ஈ மொய்த்தது ஊருக்கே தெரியும். போன ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போது அவன் என்னைக் கும்பிட்டான், நான் ஜன்னலைப் பார்த்தேன், கோயிலே பார்த்தது. அதிலிருந்து அவனிடம் படம் கொடுத்திருந்தவர்கள் திருப்பி வாங்கிப் போகிறார்களாம். உங்க வாயால ஒரு புள்ள பொழப்பு போவுதுன்னு சித்தி திட்டுகிறாள். எனக்கோ உன் சொத்துதான் முக்கியம், நாளைக்கே புகார் கொடுக்க

எழுதும்போதே கரண்ட் போய்விட்டது. செபத்துக்கு நேரமாச்சென்று சித்தி மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, பழைய பல்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளிச்சம் வந்துவிட்டது மகளே. முத்து முத்தாக அதே மாதுளை. தட்டின் ஓரத்தில் உன் அப்பா சுருட்டால் சுட்ட தழும்புகூட இருக்கிறது. ஊதி அணைத்தேன், போயிற்று. கொளுத்தினேன், வந்தது. சித்தி பல்பு இருந்த இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் பாதி நம் பீடத்துடையது என்பதை இந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், நாளை கோயில் வாசலில் எல்லோரிடமும் நானே சொல்வேன். பூசையில் தெயோவுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, சமாதானத்துக்கு நானே முதலில் திரும்பிக் கும்பிடுவேன். இந்த ஆளுக்கு என்ன வந்ததென்று இப்போது அவன் சந்தேகப்படுவான். ஜன்னலைப் பார்த்தால் பார்க்கட்டும், அவன் திரும்புகிறவரை கையை இறக்கமாட்டேன்.

மாதா உன்னைக் காப்பாளாக. கல்யாணத்துக்குப் பிறகு படத்தை எந்த விளக்குக்குப் பக்கத்தில் மாட்டுவாய் என்று இப்போதே யோசித்து வை. குண்டு பல்பையும் சேர்த்தே தருகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
சித்தப்பா கிறிஸ்துதாஸ்