புதிய பக்கம் பற்றிச் சில கருத்துகள்

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தவிர. அதனால்தான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போனை எடுத்தால் பின்னாலேயே "யார்கிட்ட?" என்று ஒரு குரல் வருகிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு உன்னோடு பேச எனக்குத் தெம்பு இருப்பதில்லை.

நம் கம்பெனியின் இணையதளத்தைப் புதிதாக வடிவமைத்துவிட்டு, எல்லோரும் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். முதல் கருத்து வந்துவிட்டது. உன் அத்தானுடையது.

பழைய பக்கத்தில் ஒரு கட்டடம் ஓயாமல் இடிந்து விழுந்துகொண்டே இருக்கும். அதில் யாருக்கும் குறையில்லை. புதியதில் திறந்ததும் என் படம், கீழே 'நிர்வாக இயக்குநர்'. அப்பா இந்த இடிப்புத் தொழிலை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பத்திரத்தில் இருந்தவரை அது உன் அத்தானுக்கு வலிக்கவில்லை, படமாகப் பார்த்ததும் வலித்துவிட்டது. அவரை நீ மூன்றாவது வரிசையில், 'களப்பணி மேற்பார்வை' என்று கிரேனுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாய்.

"உன் தம்பி என்னதான் நெனச்சிட்டிருக்கான்? கிரேனைவிடச் சின்னதாப் போட்டிருக்கான் என்னைய!" என்றார்.

"கிரேன் பெருசுதானே சார்" என்றது ரிசப்ஷன் பொண்ணு. அது உண்மைதான். ஆனால் அப்போது சொல்லியிருக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் திரை மாடிப்படி வழியாகக் கீழே போனது. கீபோர்டு கணக்கர் முதுகில் பட்டது. பாவம், அவர் குனிந்து பொறுக்கி, "ரெண்டு எழுத்துதாம்மா கழண்டிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்று என்னிடம் கொடுத்தார். மொத்தத்தில் உன் வடிவமைப்பு பார்ப்பவர்களை அசைக்கிறது என்று குறித்துக்கொள்.

என்னைப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். கொஞ்ச நாள் போகட்டும். முகம் இப்போது படத்துக்கு ஏற்றதாக இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தக் கணக்கர் இன்னும் மாறவே இல்லை! அத்தானும்தான். கோபம் வந்தால் கண் தெரியாது, ஆனால் மனசு தங்கம். என்னைக் கல்லூரியில் சேர்க்க வரிசையில் நின்றவர் அவர்தானே. நீ கொஞ்சம் அனுசரித்துப் போ. முகத்துக்கு என்ன? தூக்கம் குறைவா?

தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன். ஒருவர் சொல்வது கருத்து ஆகாது, அது மனநிலை. பலபேர் சொல்ல வேண்டும். அதனால் இப்படிச் செய்: எல்லாப் பக்கங்களையும் பெரிய தாளில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் வரிசையாக ஒட்டு. ஊழியர்கள் வரட்டும், வாடிக்கையாளர்கள் வரட்டும். கையில் ஒரு பேனா கொடு. பிடிக்காத இடத்தில் ஒரு குறி போடச் சொல். யாரும் வாய் திறக்க வேண்டாம், சண்டை வராது. நாங்கள் எல்லாக் கம்பெனிக்கும் இப்படித்தான் செய்கிறோம். ஒரு இடத்திலும் பிரச்சினை வந்ததில்லை.

இந்தத் தளம் நன்றாக வந்தால் என் வடிவமைப்புக் கம்பெனிக்கு அதுதான் முகவரி. அப்பா பேரையும் காப்பாற்றினாற்போல் இருக்கும்.

உன் சின்னவன்


மார்ச் 19

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு இடத்திலும் வராத பிரச்சினை இங்கே வந்தது.

ஆபீசுக்கும் கணக்கர் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் பக்கங்களை ஒட்டினேன். பேனா தேடினால் கிடைத்தது யார்டில் இருக்கும் சிவப்பு மார்க்கர்தான். எல்லோரும் வந்தார்கள், பார்த்தார்கள், வாய் திறக்காமல் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். தொடர்பு எண் சின்னதாக இருக்கிறது என்று ஒரு குறி. பச்சை நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று ஒன்று. கடைசியாக உன் அத்தான் வந்தார். எத்தனை பக்கத்தில் என் முகம் இருந்ததோ அத்தனையிலும், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

நம் தொழிலில் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் அதை உடை என்று அர்த்தம். நீயும் இந்த யார்டில் வளர்ந்தவன்தான், உனக்கும் மறந்துவிட்டது, எனக்கும் தோன்றவில்லை. குறி போட்டவனிடம் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் மேல்தான் சுவர் விழும் என்பார். வெளியூர் வேலை முடிந்து மறுநாள் காலையில் திரும்பிய மேஸ்திரியும் ஆட்களும் குறியைப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உன் இணையதளம் முழுவதும் தரையில் கிடந்தது. குறி அதிகம் விழுந்த இடத்தில்தான் முதல் அடி கொடுப்பார்கள், அதாவது என் மூக்கில். சுவருக்கு அந்தப் பக்கம் கணக்கர் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தோள்பட்டை எலும்பு முறிந்து, தலையில் தையல். செங்கலுக்கு அடியிலிருந்து அவரை இழுத்தபோது, டம்ளரை விடாமல் பிடித்திருந்தார். மேஸ்திரி பெருமையாக நின்று, "சுத்தமா எடுத்துட்டோம்மா. தூசி கூட அதிகம் இல்ல" என்றார். அப்புறம் கணக்கரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

உன் அத்தான் வாசலில் நின்று சிரித்தார். "பாத்தியாடி, உன் மூஞ்சிய ஊரே சேந்து இடிச்சிருக்கு."

"கணக்கர் சாகக் கெடந்தாரு, நீங்க சிரிக்கிறீங்க" என்றேன், எல்லோர் முன்னாலும்.

வீட்டுக்கு வந்ததும் கருத்துக்கேட்பு தொடர்ந்தது. இந்த முறை தாள், மார்க்கர் எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து இடது காதில் இரைச்சல், வேறெதுவும் கேட்பதில்லை. முகத்துக்கு என்ன என்று கேட்டிருந்தாயே, தூக்கம் குறைவில்லை. கல்யாணம் ஆன புதிதில் மாதத்துக்கு ஒன்றாக இருந்தது, உன் புதுப் பக்கம் வந்த பிறகு தினப்படி ஆகிவிட்டது. கம்பெனியை என் பேரிலிருந்து மாற்றி எழுதித் தரும்வரை நிற்காது என்று அவரே சொல்லிவிட்டார். நான் தரமாட்டேன்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நீ ஒன்றும் பேச வேண்டாம். கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டு ஆடிப்போய்விட்டேன். கணக்கருக்கு என் வருத்தத்தைச் சொல். காதை நல்ல டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

உடனே கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு பெரிய வேலைகள் முடியும் கட்டத்தில் இருக்கின்றன. அதனால் அத்தானுக்கே போன் போட்டேன். மனுஷன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார், அக்கா. "ஊர் முன்னாடி எனக்கு ஒரு மரியாதை வேணாமாடா?" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, இல்லையா?

அதனால் எல்லோருக்கும் ஏற்ற மாதிரி ஒரு மாற்றம் செய்துவிட்டேன். யார் பக்கத்தைத் திறந்தாலும் கண் முதலில் இடது மேல் மூலைக்குத்தான் போகும். அங்கே இப்போது அத்தான், 'நிர்வாக இயக்குநர்' என்று. உன்னை 'எங்கள் குடும்பம்' பக்கத்தில் நல்ல வெளிச்சமான படமாகப் போட்டிருக்கிறேன். பத்திரம் உன் பேரில்தானே இருக்கிறது? இது வெறும் பக்கம்தான் அக்கா. வீட்டில் அமைதி வந்தால் சரி.

சுவரெல்லாம் இனி வேண்டாம். கீழே ஒரு கருத்துப் பெட்டி வைத்திருக்கிறேன். யார் எழுதினாலும் உடனே எல்லோருக்கும் தெரியும். நீயும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுது.

உன் சின்னவன்


ஏப்ரல் 6

சின்னவனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

உன் மாற்றம் வேலை செய்தது. வாடிக்கையாளர்கள் போன் போட்டு "எம்.டி. சார் இருக்காரா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்சடித்து, மாற்றி எழுதும் பத்திரத்தோடு சேர்த்து, சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் வைத்தார். "உன் கூடப் பொறந்தவனே ஒத்துக்கிட்டான். போடு கையெழுத்த."

"போடமாட்டேன்" என்றேன்.

"எந்தக் கையால போடமாட்ட?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். கையை மேஜை விளிம்பில் வைத்து, நாற்காலியை எடுத்து இறக்கினார். எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்தான், சின்ன உத்தரம் முறிகிற மாதிரி.

மாவுக்கட்டு போட்டுவிட்டு நேராக ஆபீஸ் போனேன். நீ கேட்டபடி கருத்துப் பெட்டியில் எழுதினேன். ரிசப்ஷன் பொண்ணுதான் தட்டச்சு செய்தது. நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் பிரதி அனுப்புகிறேன்:

'பக்கம் அழகாக இருக்கிறது. எழுத்து தெளிவு. தொடர்பு எண் இப்போது நன்றாகத் தெரிகிறது. இடது மேல் மூலையில் இருப்பவர் நிர்வாக இயக்குநர் அல்ல, என் கணவர். நேற்று அவர் என் வலது கையை உடைத்தார், போன மாதம் காதை. நிர்வாக இயக்குநர் நான்தான். நாளை வழக்கம்போல் வேலை நடக்கும்.'

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நீ எழுதியதை நீக்கிவிட்டேன். காலையில்தான் பார்த்தேன், அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ. இதெல்லாம் நாலு சுவருக்குள் பேச வேண்டியது அக்கா. கம்பெனி பேர் என்னாகும்? அத்தான் நிலைமை? என் நிலைமையையும் கொஞ்சம் யோசி, பக்கத்தின் கீழே வடிவமைப்பு என்று என் கம்பெனி பேர் இருக்கிறது.

அத்தானிடம் மறுபடி பேசுகிறேன். அடுத்த மாதம் கட்டாயம் வரப் பார்க்கிறேன்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் வேறு யாரைக் கேட்பேன்? என் கம்பெனிப் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் சொன்னது என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் வேலையைப் பற்றி உன் பேரில் ஒரே ஒரு வரி, நல்லதாக, எழுதி அனுப்புகிறாயா? கை சரியானதும் போதும்.

என்றும் உன் சின்னவன்


ஏப்ரல் 17

வணக்கம்.

நீங்கள் நீக்குவதற்கு முன்பே யார்டில் எல்லோரும் படித்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ரிசப்ஷன் பொண்ணு சத்தமாகப் படித்துக் காட்டியது. மேஸ்திரி இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாராம்.

என் கணவர் வந்து ஆட்களை லாரியில் ஏறச் சொன்னார். யாரும் ஏறவில்லை. "அம்மா சொல்லட்டும்" என்றார் மேஸ்திரி. இவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியவர் திருப்பி அடிக்கவில்லை, பின்னால் நின்றவர்கள் அடித்தார்கள். சுவர் இடிக்கிற கைகள். தாடை போயிற்று, விலா போயிற்று, முன்பற்கள் மணலில் கிடந்தன. நான் 'போதும்' என்று சொன்னேன். இன்னும் முன்னால் சொல்லியிருக்கலாம். தொண்டை அடைத்துவிட்டது என்று போலீசில் சொன்னேன். உண்மையில் அடைக்கவில்லை.

என் கணவர் இப்போது ஆஸ்பத்திரியில், இன்னும் வீடு திரும்பாத கணக்கருக்கு அடுத்த கட்டிலில் இருக்கிறார். வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் மேல் ஒரு வழக்கு, அவர் மேல் நான் கொடுத்தது ஒரு வழக்கு. ஆட்களுக்கு வக்கீலை நான்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பூட்டு மாற்றியாகிவிட்டது.

இணையதளத்தை நிறுத்திவிட்டேன். வேறு ஒருவர் செய்து தருகிறார். நீங்கள் வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம், நாற்காலி காலியாக இல்லை.

கேட்டிருந்த ஒரு வரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். என் பேரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

'வேலை சுத்தம். கேட்டதைக் கேட்டபடி உடனே செய்து தருவார், யார் கேட்டாலும்.'

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்