நனையாத பூட்ஸ்

மகளுக்கு,

பெற்ற அப்பனை மழையில் வாசலோடு திருப்பி அனுப்பிய ஒரே பெண் இந்த டெர்பிஷயர் வட்டாரத்தில் நீயாகத்தான் இருப்பாய். நீ வார்டனாக இருக்கும் இளைஞர் விடுதியில், நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கு மட்டும்தான் படுக்கை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் காரைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, குடையோடு மிச்சமிருந்த கொஞ்ச தூரத்தை நடந்து வந்தேன். இந்த வயதில் விடுதி உறுப்பினர் அட்டைகூட வாங்கியிருந்தேன். ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்ததாகச் சொன்னேன். நீ அட்டையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாய்.

"ஸ்டேஷன்லேர்ந்து எட்டு மைல் மழையில நடந்த பூட்ஸா இது? காரை எங்கப்பா ஒளிச்சு வெச்சீங்க?"

அங்கே தங்க வந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மில் தொழிலாளிப் பெண்கள் சிரித்தார்கள்.

"விடுங்க வார்டனம்மா, பெரியவர் பறந்து வந்திருப்பாரு" என்றாள் ஒருத்தி.

முப்பது வருடமாக ஷெஃபீல்டில் பூட்ஸ் விற்கிறவன் நான். அவர்கள் காலில் கிடந்ததில் பாதி என் கடைச் சரக்கு. நீ கடையை விட்டுப் போன இந்த இரண்டு வருடத்தில், உன்னைத் தேடி முதல் தடவையாக வந்தேன். அதற்கு ஒரு கோப்பைத் தேநீர்கூடவா கிடையாது? இந்த விதியை எழுதியவர்களுக்குப் பிள்ளைகளே இல்லையோ என்னவோ.

இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் உன் கண் தப்பில்லை. அது நம் கடையில் நின்று பழகிய கண்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். எட்டு மைலும் நடப்பேன். அங்கே தங்குகிற மற்றவர்களைப் போல மறுநாள் காலையில் தரையும் கூட்டுகிறேன். சேறு போதுமா என்று முதலில் பூட்ஸைப் பார்த்துக்கொள். அப்புறமாவது என் முகத்தைப் பார்.

உன் அப்பா