ஆல்பத்தில் மாமா பேசிய இடம்

கும்மிடிப்பூண்டி
10 மார்ச் 2024

அன்பு மருமகள் கிறிஸ்டினாவுக்கு, உன் அம்மாவின் ஒரே அண்ணன் பாக்கியராஜ் எழுதுவது.

இங்கே எல்லாரையும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறார். என் காது மட்டும் பழைய காதுதான். ரோலிங் மில் இரும்புக்குக் கொடுத்த காதை எந்த டாக்டர் திருப்பித் தருவான்? போனில் நீ பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதி, மகள் கிரேஸின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் கையால் எழுதியே அனுப்பு. செல்போன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

உன் ஜாஸ் ஆல்பம் பார்சலில் வந்தது. அந்தத் தட்டைப் போட்டுக் கேட்க கும்மிடிப்பூண்டியில் மெஷின் கிடையாது. ஆகவே தட்டை ஹாலில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, நீ போனுக்கு அனுப்பிய பாட்டை லோகுவின் டீக்கடை ஸ்பீக்கரில் போட்டோம். 'இரண்டாம் ஷிப்ட்' என்ற பேரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் மறுத்துவிடாதே.

முதல் பாட்டை மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாவதில் லோகு ஆரம்பித்தான்.

"இன்னா மாமா, இன்னும் ட்யூனிங்தான் பண்ணிக்கினு கீறாங்களா? பாட்டு எப்ப வரும்?"

"டேய், இது ஜாஸு. நீ எங்க காத குடுக்கிறியோ அங்கதான் அது ஆரம்பிக்கும்" என்றேன். இதை நீ சொன்னாயா என்று நினைவில்லை. சொல்லியிருப்பாய்.

நாலாவது பாட்டு வந்தது பார், டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுபோனது. உன் பியானோ, பின்னால் நம் மில்லின் தடதடப்பு, அதற்குமேல் என் குரல். சிவந்த கம்பி உருளையை விட்டு எகிறிப் பாய்ந்து பரசுராமன் காலைச் சுற்றியதையும், கையுறை எரிந்தும் விடாமல் நான் அதைப் பிரித்து அவனைத் தூக்கியதையும் சிங்கம் மாதிரி சொல்லியிருக்கிறேன். என் சிநேகிதன் அரசப்பனும் பெஞ்சில் இருந்தான். "பாக்கியா, நீ சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவன்டா" என்று சொல்லிச் சிரித்தான். போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவித்தார். அறிவிக்கச் சொன்னது நான்தான், அது வேறு.

ஒரே ஒரு மனத்தாங்கல். அட்டையில் என் படம் இல்லை. குரலைக் கேட்கிறவன் மூஞ்சியையும் பார்க்க ஆசைப்பட மாட்டானா?

உன் அன்பு மாமா,
எஸ். பாக்கியராஜ்
(இசைக் கலைஞர்)

&nbsp;

கொலோன்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

இசைக் கலைஞர் அவர்களுக்கு என் வணக்கம். உங்கள் கடிதத்தை எங்கள் குழுவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். டிரம்ஸ் வாசிக்கும் யோனாஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லோகு அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் இங்கேயும் பாதிப் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமாக.

அந்த நாலாவது பாட்டை எப்படிச் செய்தோம் தெரியுமா? போன வருஷம் நான் லீவுக்கு வந்தபோது நம் வீட்டு மாடியில் மைக் வைத்து உங்களைப் பேசச் சொன்னேனே, அந்தப் பேச்சை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்து, அதன்மேல் வாசித்தோம். நீங்கள் மூச்சு வாங்கினால் நாங்களும் நிறுத்தினோம். "நான் கையை விட்டேன்" என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிறீர்கள் அல்லவா, அங்கே சாக்ஸபோன் நுழையட்டும் என்றேன் நான். யோனாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆல்பத்திலேயே உண்மையான இடம் அதுதான், அதைத் தொடாதே என்றான். தொடவில்லை.

இங்கே ஜெர்மனியில் ஓர் இசைப் பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கிறது. மற்ற பாட்டுகளில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, நாலாவதில்தான் மனிதர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். என் வாசிப்புக்குக் கொஞ்சம் வலிதான். ஆனாலும் உங்களை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ரேடியோ பேட்டியில் உங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். தன் கை வெந்தாலும் ஒரு மனிதரை இரும்பிலிருந்து எடுத்தவர் என் மாமா என்று சொன்னேன். ஒவ்வொரு கச்சேரியிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால் அதைச் சொல்கிறேன்.

டிசம்பரில் சென்னையில் வாசிக்கிறோம். நீங்கள் மேடைக்கு வந்து அதே கதையை நேரில் சொல்ல வேண்டும். மறுக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அரசப்பன் மாமாவுக்கும் ஒரு தட்டு அனுப்புகிறேன். வெறுமனே ஆணியில் மாட்டத்தான் என்றாலும்.

அன்புடன்,
கிறிஸ்டினா

&nbsp;

கும்மிடிப்பூண்டி
19 மே 2024

அன்பு மருமகளுக்கு,

மாமாவின் புகழ் இப்போது ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்விட்டது. எப்படி என்று கேள்.

போன சனிக்கிழமை நானும் அரசப்பனும் லோகு கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். படித்த பெண், பெங்களூரில் வேலை. கையில் ஆப்பிள், ஸ்வீட் டப்பா, ஒரு பை.

"பாக்கியராஜ் அங்கிள் இங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்க."

"நானேதாம்மா."

"என் பேரு அருணா. எங்கப்பா பரசுராமன்."

பரசுராமனுக்கு அடிபட்டதும் அந்தக் குடும்பம் ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டது. காலை இழுத்துக்கொண்டே பயிர் வைத்துப் பிழைத்தான், கொரோனாவில் போய்ச் சேர்ந்தான். இவள் அப்போது கைக்குழந்தை. கூட வேலை செய்கிற யாரோ உன் பாட்டை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் அப்பா பேரும் மில் பேரும் வந்ததும் தூக்கிவாரிப் போட்டதாம்.

"அப்பா அந்த நாளப் பத்தி வாயே தெறக்க மாட்டாரு அங்கிள். 'ஒருத்தன் கையக் குடுத்தான், நான் கீறேன்'னு மட்டும் சொல்வாரு. யாருப்பா அதுன்னு கேட்டா அழுதுடுவாரு" என்றாள். அப்புறம் குனிந்து என் காலைத் தொட்டாள். பையிலிருந்து சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினாள். நல்ல சால்வை, ஜரிகை வைத்தது. ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஒரு நூறு பேர் இருக்கும். நூறு இல்லாவிட்டாலும் கூட்டம்தான்.

லோகு டீ கொண்டுவந்தான். அரசப்பன் கொதிக்கிற கிளாஸை உள்ளங்கையால் சுற்றிப் பிடிப்பான், அவனுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கை இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"மில்லு வேலம்மா. அப்பிடித்தான்" என்றான்.

"நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். அவனிடம் ஏது மாடு? டீயை அப்படியே வைத்துவிட்டான். வெயில் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. சென்னை மேடைக்கு வேட்டி கட்டட்டுமா, பேன்ட் போடட்டுமா என்று எழுது.

மாமா பாக்கியராஜ்

&nbsp;

கொலோன்
3 ஜூன் 2024

மாமா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேட்டியா பேன்ட்டா என்பதற்கு முன்னால் இருப்பதை.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஊருக்கே தெரியுமேடி, அரசப்பன்தான் தூக்கினாரு. உனக்குத் தெரியாதா?" என்றார். அன்று நீங்கள் மில்லில் எங்கே நின்றிருந்தீர்கள் என்று கேட்டேன். "அவன் எங்க நின்னான்? அன்னிக்கு லீவு போட்டுட்டு பொன்னேரில என்கூட துணி எடுத்துக்கினு இருந்தான்" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை.

நான் சின்ன வயதில் ஊரை விட்டு வந்தவள். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி நம்பினேன். நான் அதை ரேடியோவில் சொன்னேன், எத்தனையோ மேடைகளில் சொன்னேன், ஆல்பத்தோடு வரும் சின்னப் புத்தகத்தில் அச்சடித்தும் விட்டேன். அந்தப் பெண்ணை உங்களிடம் அனுப்பியதே நான்தான் என்று தோன்றுகிறது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மைக்குக்கு முன்னால் சொன்னதைக்கூட விடுங்கள். சால்வையை எப்படி மாமா வாங்கிக்கொண்டீர்கள்? அவர் பக்கத்திலேயே இருந்தாரே.

கிறிஸ்டினா

&nbsp;

கும்மிடிப்பூண்டி
30 ஜூன் 2024

கிறிஸ்டினாவுக்கு மாமா எழுதுவது.

உனக்கு நம் டீக்கடை வழக்கம் தெரியாது. இங்கே மில் கதையை எவன் சொன்னாலும் 'நான்' என்றுதான் சொல்வான். பாய்லர் வெடித்ததை லோகு சொல்லும்போது அவன்தான் கதவை உடைத்தவன். அவன் அப்போது பிறக்கவே இல்லை. கேட்கிறவனுக்கு யார் செய்தது என்று தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், எவன் நன்றாகச் சொல்கிறான் என்பதுதான் பந்தயம். பரசுராமன் கதையை என்னைப் போல எவனும் சொல்ல முடியாது. அரசப்பனே "நீ சொல்லுடா" என்பான். அவனுக்கு முன்னாலேயே வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். உன் மைக்கும் ஒரு பெஞ்சு என்று நினைத்தேன்.

மேலே எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். அருணா வந்து நின்ற அன்றைக்கு இது எதுவும் உதவாது என்று எனக்கே தெரிகிறது.

அரசப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் மணியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் "வாங்கண்ணே, நாஷ்டா துன்னீங்களா" என்பவள், "உள்ள கீறாரு" என்று மட்டும் சொன்னாள். முறத்தை நிறுத்தவில்லை.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆல்பத்தில் இனி அவனையே பேச வைக்கச் சொல்லி உனக்கு எழுதுகிறேன் என்றேன்.

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்றான். "பேச வந்தா நான் பேசியிருக்க மாட்டேனா?"

"கோவமா கீறியா?"

"கடையில நீ சொன்னப்ப நானுந்தான சிரிச்சேன். அங்க இருந்தவனுக்கெல்லாம் தெரியும். அந்தப் பொண்ணு கால்ல உழுந்தப்ப என் மூஞ்சிய ஒரு தபா பாத்திருக்கலாம் நீ. நான் உன்னையே பாத்துக்கினு இருந்தேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாட்டிலிருந்து என் குரலை எடுத்துவிடு. மேடைக்கும் நான் வரவில்லை. அருணாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று சால்வையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

பாக்கியராஜ்

&nbsp;

கொலோன்
21 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

விற்றுப்போன தட்டுகளை ஒன்றும் செய்ய முடியாது, அவை அந்தந்த வீட்டில் அப்படியேதான் பேசிக்கொண்டிருக்கும். போனில் கேட்கிற பாட்டிலிருந்து உங்கள் குரலை எடுத்துவிட்டோம். நான் சொன்னது தவறு என்று ரேடியோவுக்கும் பத்திரிகைக்கும் எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை, "என் குடும்பத்தார்" என்று மட்டும் எழுதினேன்.

உங்கள் குரல் இருந்த இடத்தில் வேறு எதை வைத்தாலும் ஒட்டவில்லை. சாக்ஸபோன் வைத்தோம், சரியில்லை. கடைசியில் சும்மா விட்டோம். மில் சத்தமும் என் இடதுகையும் மட்டும் போய்க்கொண்டிருக்கும், யாரும் பேச மாட்டார்கள். சென்னையிலும் அப்படியே வாசிப்போம்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேடைக்கு வராவிட்டாலும் கேட்க வாருங்கள். அருணாவிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் சொல்வதாக இல்லை.

கிறிஸ்டினா

&nbsp;

கும்மிடிப்பூண்டி
29 டிசம்பர் 2024

அன்பு கிறிஸ்டினாவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கும், நேற்று உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்கும் கோபப்படாதே. கச்சேரி முடிந்ததும் கிரேஸ் மேடைக்குப் பின்னால் உன்னிடம் ஓடினாள். நான் சென்ட்ரலுக்கு வந்து ரயில் ஏறிவிட்டேன்.

அக்டோபரில் ஆர்.கே.பேட்டை போனேன். அருணா ஆயுதபூஜை லீவுக்கு வந்திருந்தாள். சால்வையைக் கொடுத்து, அவள் அப்பாவைத் தூக்கியது நான் இல்லை, அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தாரே அவர்தான் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. "டீ கிளாஸ் புடிச்சிருந்தாரே, அவரா?" என்றாள். ஆமாம் என்றேன். சால்வையை மடித்து மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவள் அம்மா சுமலதா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவள் அரசப்பன் வீட்டுக்கு வந்தாள் என்று லோகு சொன்னான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று அவள்தான் அரசப்பனையும் மணியம்மாளையும் காரில் அழைத்துவந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் தூணோரம். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தானோ என்னவோ.

நாலாவது பாட்டு வந்தது. மில் சத்தம் மட்டும் என் காதுக்கு நன்றாக விழுந்தது. உன் இடதுகை போய்க்கொண்டே இருந்தது. நான் பேசுகிற இடம் வந்தது, யாரும் பேசவில்லை. அரசப்பன் தலை மட்டும் கொஞ்சம் குனிந்தது.

எனக்குப் பின்னால் ஒரு பையனும் பெண்ணும். பழைய தட்டில் கேட்டவர்கள் போலிருக்கிறது. அந்தப் பையன் அவளிடம் கேட்டான்: "இங்க ஒரு பெரியவர் பேசுவாரே. செமயா இருக்குமே. யாரு அவரு?"

நான் திரும்பவில்லை.

பாக்கியராஜ்