செல்லோவுக்கு ஒரு கட்டம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் அத்தான் நலம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

உன் புது நால்வர் இசையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செல்லோ ஒன்று. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள். இருபத்திரண்டு வருஷமாக உன் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறேன். இந்தத் தடவை எறும்பு ஒன்று மைக்கூட்டில் விழுந்து எழுந்து, குடும்பத்தோடு ஊர்வலம் போன மாதிரி எழுதியிருக்கிறாய். பெரிய இசையமைப்பாளர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. மூன்று வாரம் சாப்பாட்டு மேசை முழுக்க உன் தாள்தான். உன் அத்தான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். "நாளெல்லாம் நின்னுக்கிட்டே பல்லு பிடுங்கறேன், வீட்லயும் நிக்கணுமா?" என்று கேட்கிறார். பதிலை நீயே சொல்லிக்கொள்.

கச்சேரிக்கு வா வா என்கிறாய். ஒன்றுக்கும் நான் வந்ததில்லை. முழங்காலைச் சாக்குச் சொல்கிறேன் என்று நீ நினைத்தால், சரிதான். நான் எழுதிய தாளைப் பார்த்து நாலு பேர் மேடையில் வாசிக்கும்போது எங்கேயாவது தடுக்கிவிட்டால் என் உயிர் போய்விடும். அதனால் உன் இசையை எல்லாம் நான் காகிதத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 9

அக்கா,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. இன்று முதல் ஒத்திகை. மூன்றாம் பகுதியில், நூற்றுப் பன்னிரண்டாம் தாளக் கட்டம் முடிந்ததும் நாலு பேரும் வில்லைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள். என்ன ஆச்சு என்று கத்தினேன். "ஒரு கட்டம் யாரும் வாசிக்கக் கூடாதுன்னு தாள்ல இருக்கே சார்" என்றார் செல்லோக்காரர். நாலு தாளிலும் இருக்கிறது. என் மூலத்தாளில் இல்லை.

கைதவறி வரும் பிழை நாலு தாளில் ஒரே இடத்தில் வராது. இது உன் வேலை. மூச்சுவிடாமல் ஓட வேண்டும் என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பகுதி அது. அதன் நட்டநடுவில் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். நகலெடுக்கிறவள் நகலெடுத்தால் போதும். அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

செய்தது நான்தான்.

செல்லோவுக்கு மூன்று பக்கம் கையெடுக்க இடமே கொடுக்கவில்லை நீ. அந்த மனுஷருக்கு வில் பிடிக்க ஒரு கை, தந்தி அழுத்த ஒரு கை. பக்கத்தை எதனால் திருப்புவார், மூக்காலா? எழுத்தை நெருக்கிப் பார்த்தேன், தாளோடு தாள் ஒட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கட்டம் விட்டேன். அவர் மட்டும் நின்றால் தடுமாறின மாதிரி இருக்குமே என்று நாலு பேரையும் நிறுத்தினேன். உன்னைக் கேட்காதது தப்பு. கேட்டால் குதிப்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. புல்லாங்குழல்காரி மூச்சு இழுக்க ஓர் இடம், ஹார்ன்காரர் குழாயிலிருந்து எச்சிலை வடிக்க ஓர் இடம் என்று இதுவரை ஒன்பது இடத்தில் விட்டிருக்கிறேன். உனக்குத் தெரியவே இல்லை.

நகலெடுக்கிறவள் என்று நீ எழுதியது எனக்கு ரொம்ப வலித்தது. பேனாவைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள். உன் அத்தான் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அக்கா


மார்ச் 19

என் அருமை அக்காவுக்கு,

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். உன் கட்டத்தை அடித்துவிட்டேனா, பக்கம் திருப்ப ஆள் வேண்டுமே. நானே திருப்புகிறேன் என்று வீறாப்பாக செல்லோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சட்டைக்கை தாள் தாங்கியில் மாட்டி, தாங்கி சாய்ந்து வியோலாக்காரி காலில் விழுந்தது. அந்தம்மா காலைத் தேய்த்துக்கொண்டே, "உங்க அக்கா விவரமானவங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய மூலத்தாள்களை எல்லாம் பரப்பி, உன் நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பதும் அகப்பட்டன. அக்கா, அதில் ஐந்து, முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தெருவில் நிறுத்திப் பாராட்டிய இடங்கள். அந்தப் புல்லாங்குழல் மூச்சு எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டதற்கு, மேலே பார்த்து, "தானா வந்துது" என்று சொல்லியிருக்கிறேன். நினைக்க நினைக்கக் கூசுகிறது.

உன் கட்டத்தை நாலு தாளிலும் திரும்ப எழுதிவிட்டேன். அந்த இடத்தில் பக்கம் திருப்பும் வேலையை மட்டும் எனக்கே கொடுங்கள் என்று செல்லோக்காரரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். உன் இடத்தில் நான் ஒரு வேலையாவது செய்ய வேண்டாமா? சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் பழகுகிறேன்.

ஏப்ரல் 2, மாலை ஆறு மணி. கடைசி வரிசையில், காலை நீட்டிக்கொள்ள ஓரத்து நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். நான் எழுதினது தப்பு அக்கா. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது.

உன் தம்பி


மார்ச் 28

அக்கா,

பதிலே இல்லையே. அத்தானைப் போனில் பிடித்தேன். "நான் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், என்னை இதுல இழுக்காத மாப்ள" என்று வைத்துவிட்டார். அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

வந்திருந்தேன்.

கச்சேரி முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் ஓடி வந்ததற்குக் காரணம், என் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. கைக்குட்டை போதாமல் உன் அத்தான் சட்டைப் பையிலிருந்த பல் வைத்தியப் பஞ்சை எல்லாம் தீர்த்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் வராமல் இருந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. நாலு வில்லும் மேலே போய் நின்றன. நீ எழுந்து பக்கம் திருப்ப வேண்டும். நீயோ வாயை லேசாகத் திறந்துகொண்டு, அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ஒரு கட்டம் போயிற்று. பக்கம் திரும்பினால்தானே செல்லோக்காரர் வாசிக்க முடியும், மற்ற மூவரும் அவரோடு சேர முடியும்? இரண்டாவதும் போயிற்று. என் கை தானாகக் காற்றில் பக்கம் திருப்பியது. செல்லோக்காரர் முழங்கையால் உன்னை இடித்தார், நீ திடுக்கிட்டுத் திருப்பினாய், மூன்றாவது போயிற்று. அப்புறம் நாலு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள் பார், என் முன்னால் இருந்தவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருமல்கூட இல்லை சபையில்.

நான் எழுதியது ஒரு கட்டம். நீ அதை மூன்றாக்கிவிட்டாய், அதுவும் என்னைக் கேட்காமல். ஆனால் மூன்றுதான் சரி. எனக்கு அது தோன்றவில்லை.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நகலை நேற்றே தொடங்கிவிட்டேன். அதில் மூன்று கட்டம் என்று எழுதப் போகிறேன். இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: எழுதட்டுமா?

சீக்கிரம் பதில் போடு. உன் அத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையை விட்டு எழுந்துவிட்டார்.

உன் அக்கா