‘அடுத்து’ என்கிற பொத்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். இந்த வாக்கியத்தை நான்கு வாரத்துக்குப் பிறகு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நீயும் மறைக்காமல் எழுது. போனில் எனக்குப் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம், வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பழைய கரைசலை வடித்துவிட்டுப் புதுப் பையிலிருந்து நிரப்ப வேண்டும், தினமும் நான்கு முறை, என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உனக்குத் தெரியும். நர்ஸம்மா கொடுத்த தடிப் புத்தகத்தை நான் மூன்று தடவை படித்து, நாற்பத்து மூன்று படிகளாக நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டு, அதன் பிறகும் பயிற்சிப் பையைக் கையில் எடுத்ததும் முதல் படியே மறந்து நின்றது உனக்குத் தெரியாது. முப்பது வருடம் ஆய்வகத்தில் தராசு சரிபார்த்தவன்தான், ஆனால் தராசுக்கு வலிக்காதே. நர்ஸம்மா வைக்கும் சோதனையில் நான் தேறினால் வீடு, இல்லையென்றால் அம்மா வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருக்க வேண்டும். அவளோ, நான் பையைத் தொடும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாய் வைத்த நாளிலிருந்து அதை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் நீ உன் அலுவலகத்தில் இதே டயாலிசிஸைக் கற்றுக்கொடுக்கச் செய்துகொண்டிருக்கும் பாடத்தை என் போனுக்கு அனுப்பினாய். உள்ளங்கையளவு கண்ணாடியில் என்ன படிப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன், மன்னித்துக்கொள். முதல் நாள் கை கழுவுவது மட்டும், இரண்டே நிமிடம், இன்றைக்குப் போதும் என்றது. ஏமாற்றமாகக்கூட இருந்தது. மறுநாள் புதிதாக எதையும் காட்டுவதற்கு முன்னால், கை கழுவும்போது பலரும் விட்டுவிடுகிற இடம் எது என்று என்னைக் கேட்டது. எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். படத்தில் இருந்த கைகள் எதிரே நிற்பவருடையவை அல்ல, என் கைகள் இருக்கும் இடத்திலேயே இருந்தன, இடது இடதாக, வலது வலதாக. அதுவும் நரம்பு புடைத்த, லேசாக நடுங்குகிற கைகள். யாரைப் படம் பிடித்தாய்? தப்பாக அழுத்தினால் திட்டவில்லை, அந்தத் தப்பில் கிருமி எந்த வழியாக உள்ளே போகும் என்று காட்டிவிட்டு மறுபடி கேட்டது. பாதியில் மூடிவிட்டுப் போனாலும் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. ஒன்பதாம் நாள் என் விரல் தானாகப் போய்க் குழாயை நெரித்து அடைக்கும் கிளாம்பை மூடியபோது, அது யார் கையோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி எங்கெங்கே திகைத்து நிற்பான் என்று என் மகள் எனக்கு முன்னால் அங்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

இனி, நான் சொல்லத் தயங்கிய விஷயம். முதல் சோதனையில் நான் தோற்றுவிட்டேன். பாடத்தைப் பார்த்தே செய்யுங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கை கழுவி, முகக்கவசம் போட்டு, குழாயின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் ‘அடுத்து’ என்கிற பொத்தானை அழுத்தினேன். நர்ஸம்மா மெதுவாகத்தான் கேட்டார். “ஐயா, இப்ப எதைத் தொட்டீங்க?” போனைத்தான், பேருந்திலும் கடையிலும் போய்வந்த போனை. திரும்பக் கழுவினேன், திரும்பத் தொட்டேன். மூன்றாம் தடவை மூக்கால் அழுத்திப் பார்த்தேன், கவசம் போட்ட மூக்குக்கு அது மசியவில்லை. நல்லவேளை, அது பயிற்சிப் பை. வியாழக்கிழமை அம்மாவின் குழாயிலேயே செய்ய வேண்டும், அன்றும் இப்படியென்றால் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்ததில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை என்னுடையதாகவும் இருக்கலாமே என்று உன்னிடம் மறைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை நர்ஸம்மா முன்னால் கழுவிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் திரை அணைந்துவிட்டது. அதைத் தொடவும் கூடாது, தொடாமல் அடுத்தது என்ன என்று நினைவும் வரவில்லை. அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். “நீங்க தொடாதீங்க. அதை நான் பாத்துக்கறேன்” என்று போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு குனிந்து குழாயைப் பார்த்தாள். “இவ்ளோதானா?” என்றாள். அதற்கப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். கிளாம்பைச் சரியாக மூடாமல் அடுத்த படம் கிடையாது என்று என்னை இரண்டு தடவை நிறுத்தி வைத்தாள். புதுக் கரைசல் ஓசையே இல்லாமல் உள்ளே இறங்கியது, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதில் யாருக்கு மார்க் போடுவது என்று நர்ஸம்மா கேட்டார். “அவருக்கே போடுங்க, பாவம், ரொம்ப நாளா படிக்கறாரு” என்றாள் உன் அம்மா.

தனியாக இருப்பவர்களுக்கு, ‘அடுத்து’ என்று வாயால் சொன்னால் படம் மாறும்படி செய்ய முடியுமா பார். கூட ஆள் இருக்கிற வீடு என்றால், போனை நோயாளியின் கையில் கொடுங்கள் என்று முதல் படத்திலேயே ஒரு வரி போடலாமா என்றும் யோசி. எனக்கு உன் தொழில் தெரியாது, தப்பென்றால் விட்டுவிடு. இன்று காலை அவள் பாடத்தைத் திறக்கவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு படியாகத் தன் வாயாலேயே சொன்னாள். முப்பத்தோராவதில் நான் வழக்கம்போல் திகைத்து நின்றேன். என் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தி, “அடுத்து” என்றாள்.

நீ செய்கிற வேலை இப்படியே பல வீடுகளுக்குக் கைகொடுக்கட்டும், நீயும் நிறைவாக இரு. கண்ணைக் காட்டிப் புதுக் கண்ணாடி போட்டுக்கொள் என்று சொன்னேனே, மறந்துவிடாதே.

இப்படிக்கு
அப்பா (கை)
அம்மா (பொத்தான், இப்படித்தான் போட வேண்டுமாம்)